ராங்ளர் டிப்ளாய் ஓகேன்னு சொல்லுது, ஆனா அம்மாவோட பஸ் பாட் வாயே திறக்கல

செங்காங்பையன் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

அம்மா ஒரு ஸ்கூல் கேன்டீன் கடையில வேலை பாக்குறாங்க, காலையில ஆறே முக்காலுக்கெல்லாம் கெளம்பணும். பஸ் ஆப் எல்லாம் போன்ல போட்டுக் குடுத்துட்டேன், எழுத்து பொடிசா இருக்கு, நடுவுல விளம்பரம் வருதுன்னு தொடவே மாட்டேங்குறாங்க. ஆனா டெலிகிராம் குடும்ப குரூப்புன்னா ராத்திரி பகல் பாக்காம படிப்பாங்க. சரி அப்ப அதுலயே தமிழ்ல "பஸ் இன்னும் 4 நிமிஷத்துல, உக்கார இடம் இருக்கு"ன்னு வர வெச்சிடலாம்னு சிங்கப்பூர் தரைப் போக்குவரத்து ஆணையம் எல்டிஏவோட டேட்டா தளம் டேட்டாமால்ல கீ வாங்கி, தானா பதில் சொல்ற பாட் ஒண்ணுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்டாப்போட அஞ்சு இலக்க நம்பர் அனுப்பினா அங்க வர்ற பஸ் எல்லாத்தையும் சொல்லணும், அது போக திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் காலை 6:45க்கு தானாவே ஒரு மெசேஜ் போகணும், அவ்வளவுதான் வேலை.

கிளவுட்ஃப்ளேர் ஒர்க்கர்ஸ்ல (நம்ம சர்வர் இல்லாம அவங்க மெஷின்ல ஸ்கிரிப்ட் ஓட்டுற சேவை) போட்டிருக்கேன், இலவச பிளான். அதுக்கான கமாண்ட் கருவிதான் ராங்ளர், டெவ்னா லேப்டாப்லயே ஓட்டிப் பாக்குறது, டிப்ளாய்னா மேல ஏத்துறது. லேப்டாப்ல ராங்ளர் டெவ் ஓட்டி ப்ரவுசர்ல ஸ்டாப் நம்பர் குடுத்தா பதில் ஜம்முனு வருது. ராங்ளர் டிப்ளாய் அடிச்சா ஒரு எரரும் இல்ல, ஒர்க்கர்ஸ் டாட் டெவ்னு முடியுற முகவரியும் குடுத்துடுது. அந்த முகவரிய திறந்தா எரர் 1101. டெலிகிராம்ல பாட்டுக்கு மெசேஜ் அனுப்பினா கல்லு மாதிரி இருக்கு.

எனக்கு இருக்குற சந்தேகம், இலவச பிளான்ல ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 10 மில்லிசெகண்ட்தான்னு போட்டிருக்கான், எல்டிஏ பதில் வரவே அரை செகண்ட் ஆகுதே, அதனால அறுத்து விடுதா? காசு கட்டித்தான் ஆகணுமா?

இன்னொண்ணு, இனிமே டிப்ளாய் எல்லாம் வீட்ல இருக்குற ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல எஸ்எஸ்எச் போட்டு (லேப்டாப்லேர்ந்தே அதுக்குள்ள நுழைஞ்சு) பண்ணலாம்னு பாக்குறேன், ஆபீஸ் லேப்டாப்ல சொந்த வேலை வேணாம்னு. அங்க ராங்ளர் லாகின் அடிச்சா ஒரு லிங்க் குடுக்குது, அத லேப்டாப் ப்ரவுசர்ல திறந்து அலவ் குடுத்தா லோக்கல்ஹோஸ்ட் 8976னு எங்கயோ போயி பக்கம் திறக்கலன்னு நிக்குது. இதுக்கு வழி இருக்கா?

---

தேக்கா_டீ எழுதினது:

காசெல்லாம் கட்ட வேணாம் ப்ரோ. அந்த 10 மில்லிசெகண்ட் சிபியு நேரம், கடிகார நேரம் இல்ல. எல்டிஏ பதிலுக்காக ஸ்கிரிப்ட் சும்மா காத்துக்கிட்டு நிக்கிற நேரம் கணக்குல வராது, ஜேசன (எல்டிஏ பதில் வர்ற டேட்டா வடிவம்) பிரிச்சு மேய்ஞ்சு தமிழ் வாக்கியம் கட்டுற நேரம் மட்டும்தான் வரும். அஞ்சாறு பஸ்ஸுக்கு அது ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் தாண்டினா பெரிய விஷயம். சிபியு தீந்து போனா வர்ற எரர் 1102. உங்களுக்கு வந்திருக்குறது 1101, அதாவது உங்க கோடு ஒரு எக்செப்ஷன வீசியிருக்கு, யாரும் புடிக்கல. ரெண்டும் வேற வேற நோய். நாளைக்கு ஒரு லட்சம் ரிக்வெஸ்ட் இலவசம், உங்க சொந்தக்காரங்க மொத்தமும் விடாம தட்டினாலும் தீராது.

என் ஊகம் என்னன்னா, எல்டிஏ கீயையும் பாட் டோக்கனையும் டாட் டெவ் டாட் வார்ஸ் ஃபைல்ல வெச்சிருப்பீங்க. அந்த ஃபைல் உங்க மெஷின்ல ராங்ளர் டெவ் ஓடுறப்ப மட்டும்தான் படிக்கப்படும், டிப்ளாய் அத மேல ஏத்தவே ஏத்தாது, ஏத்தவும் கூடாது. அப்ப மேல ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கு கீயே கிடையாது, அக்கவுண்ட் கீ இல்லாம போனா எல்டிஏ சர்வர் ஜேசன் குடுக்காம கதவ சாத்தும், நீங்க அத ஜேசன்னு நெனச்சு பிரிக்கப் போவீங்க, அங்க டமால். ரெண்டு கீக்கும் தனித்தனியா ராங்ளர் சீக்ரெட் புட் அடிச்சு பேரக் குடுங்க, மதிப்பு என்னன்னு கேக்கும், பேஸ்ட் பண்ணி எண்டர் தட்டுங்க. மறுபடி டிப்ளாய் கூட பண்ண வேணாம், சீக்ரெட் போட்டதுமே அதுவே புது வெர்ஷனா லைவ் ஆயிடும்.

தயவு செஞ்சு ராங்ளர் டாமல்ங்கிற கான்ஃபிக் ஃபைல்ல வார்ஸ்னு ஒரு பகுதி இருக்கே அதுல மட்டும் டோக்கன எழுதி கிட்ஹப்ல தள்ளிடாதீங்க, அது சும்மா திறந்த எழுத்து. டாஷ்போர்டுல போயி வார்ஸ் சேக்குற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, அடுத்த டிப்ளாய்ல கான்ஃபிக் ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் ஜெயிக்கும், டாஷ்போர்டுல போட்டது காணாம போயிடும். சீக்ரெட் மட்டும் அப்படிப் போகாது.

ஊகத்த நம்பாம ராங்ளர் டெயில்னு அடிச்சு ஒரு டெர்மினல திறந்து வெச்சுட்டு, இன்னொரு பக்கம் பாட்டுக்கு மெசேஜ் அனுப்புங்க. எந்த வரியில விழுந்துச்சுன்னு நேரடியா கண்ணு முன்னாடி ஓடும். டெயில் பாக்காம 1101ஐ பத்தி யோசிக்கிறது வெட்டி வேலை.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதினது:

நான் கேக்குறத தப்பா எடுத்துக்காத தம்பி. அம்மா செங்காங்ல, பஸ் செங்காங்ல, எல்டிஏ டேட்டா சிங்கப்பூர் பஸ்ஸப் பத்தினது, வீட்லயே ஒரு ராஸ்பெரி பை வேற இருக்குன்னு நீயே சொல்ற. அதுல கிரான்டேப்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டுற பட்டியல்) ஒரு வரி எழுதினா முடிஞ்சு போச்சு லா. உலகம் பூரா முந்நூறு ஊருக்கு மேல ஸ்கிரிப்ட்ட பரப்பி வெச்சுத்தான் ஒரு அம்மாவுக்கு பஸ் நேரம் சொல்லணுமா? இப்ப உள்ள புள்ளைங்க எல்லாத்தையும் எட்ஜ்லதான் வெப்போம்னு நிக்கிறீங்க.

---

செங்காங்பையன் எழுதினது:

@தேக்கா_டீ ப்ரோ டெயில் பாத்தேன், நீங்க சொன்ன வரியேதான். சீக்ரெட் ரெண்டும் போட்டதும் 1101 போச்சு, ப்ரவுசர்ல பதில் வந்துடுச்சு.

@பழைய_சிஸ்அட்மின் அண்ணே, நீங்க சொல்றது நியாயம்தான், பைல வெச்சிருந்தேன் முன்னாடி. வீட்ல யாராவது சார்ஜர் போடணும்னா மொதல்ல பிடுங்குறது அந்த பை பிளக்கத்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போனா மெயின் சுவிட்ச்சே ஆஃப். அதான் வீட்டுக்கு வெளியில எங்கயாவது ஓடட்டும்னு, அதுவும் மாசக் காசு இல்லாம.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. காலையில மெசேஜ் வரல, மத்தியானம் 2:45க்கு "காலை வணக்கம் அம்மா, பஸ் இன்னும் 7 நிமிஷத்துல"ன்னு வந்து குரூப்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. கிரான்ல 45 6 ஸ்டார் ஸ்டார் (மொதல்ல நிமிஷம், அப்புறம் மணி), திங்கள் டு வெள்ளின்னுதான் குடுத்திருக்கேன். அப்புறம் அந்த வணக்கம் சொல்ற பகுதி வேற ராத்திரி நேரத்துல சோதிச்சா "மதிய வணக்கம்"னு வருது.

---

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதினது:

தம்பி, கிரான் ட்ரிகர் முழுக்க யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். டைம்ஸோன் மாத்துற வசதியே அதுல கிடையாது, நீங்கதான் கணக்கு போட்டு எழுதணும். நமக்கு எட்டு மணி நேரம் முன்னாடி, கோடைக்காலத்துக்கு கடிகாரத்த திருப்புற கூத்தும் சிங்கப்பூர்ல இல்ல, அதனால ஒரு தடவ சரியா போட்டா வருஷம் பூரா அப்படியே நிக்கும்.

ஆனா எட்ட கழிச்சுட்டு நிறுத்திடாதீங்க, இங்கதான் பாதி பேர் விழுறாங்க. நம்ம திங்கள் காலை 6:45 யுடிசியில ஞாயிறு ராத்திரி 22:45. அதாவது கிழமையும் ஒண்ணு பின்னாடி போகுது. 45 22 ஸ்டார் ஸ்டார் போட்டு, கிழமைக்கு திங்கள் டு வெள்ளின்னே விட்டீங்கன்னா செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் மெசேஜ் வரும், திங்கக்கிழமை அம்மா போன பாத்துக்கிட்டே நிப்பாங்க. ஞாயிறு டு வியாழன்னு போடணும். இன்னொரு குழி, கிழமைய நம்பர்ல எழுதாதீங்க. லினக்ஸ் கிரான்ல ஞாயிறு பூஜ்யம், கிளவுட்ஃப்ளேர்ல ஞாயிறு ஒண்ணு, சனி ஏழு. பைல இருந்த வரிய அப்படியே காப்பி பண்ணா ஒரு நாள் தள்ளிப் போகும். மூணெழுத்து இங்கிலீஷ் சுருக்கத்துல எழுதிட்டா சண்டையே இல்ல. கிரான மாத்தி டிப்ளாய் பண்ணதும் உடனே எல்லா இடத்துக்கும் போயிடாது, 15 நிமிஷம் வரைக்கும் எடுக்கும், அதனால 6:40க்கு டிப்ளாய் பண்ணிட்டு 6:45க்கு வரலையேன்னு திரும்ப திரும்ப மாத்தாதீங்க.

விடிய விடிய காத்திருந்துதான் சோதிக்கணும்னு இல்ல. ராங்ளர் டெவ் ஓட்டுறப்ப டெஸ்ட் ஷெட்யூல்ட்னு ஒரு ஃபிளாக் இருக்கு, அதக் குடுத்தா லோக்கல்ல ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டு ஷெட்யூல்ட்னு ஒரு பாதை திறக்கும், ப்ரவுசர்ல அதத் தட்டினாலே கிரான் அடிச்ச மாதிரி ஓடும்.

"மதிய வணக்கம்" விஷயமும் இதே கதைதான், ஒர்க்கர்குள்ள கெட்ஹவர்ஸ்னு கேட்டா யுடிசி மணிதான் தரும், ராத்திரி ஒம்பது மணி அங்க மத்தியானம் ஒண்ணு. உங்க லேப்டாப் சிங்கப்பூர் நேரத்துல இருந்தா அதுல எழுதிப் பாத்த பழைய நோட் ஜேஎஸ் ஸ்கிரிப்ட்ல இது தெரியவே தெரியாது. இன்டல் டேட்ஃபார்மட்ல டைம்ஸோன ஏசியா சிங்கப்பூர்னு குடுத்து மணிய எடுங்க. எல்டிஏ குடுக்குற வருகை நேரத்துல பிளஸ் எட்டுன்னு கூடவே ஒட்டி வரும், அதனால இன்னும் எத்தனை நிமிஷம்ங்கிற கழித்தல் மட்டும் எங்க ஓடினாலும் சரியாதான் இருக்கும், அதுல கை வைக்காதீங்க.

எல்டிஏன்னதும் ஞாபகம் வருது, அடுத்த பஸ்ஸுக்கு அடுத்த பஸ் இல்லன்னா அந்த இடம் காலி சரமா (ஒரு எழுத்துகூட இல்லாத ஸ்ட்ரிங்கா) வரும், மதிப்பே இல்லங்கிற 'நல்' கிடையாது. ராத்திரி கடைசி பஸ் நேரத்துல இதுதான் நடக்கும். காலி சரத்த தேதியாக்கி கழிச்சீங்கன்னா நிமிஷம் வர வேண்டிய இடத்துல குப்பை வரும், மொதல்ல காலியான்னு பாத்துடுங்க.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதினது:

பிளக் புடுங்குற கதைக்கு என்கிட்ட மறுப்பு இல்ல, எங்க வீட்லயும் அதே ராஜ்யம்தான். ஆனா எட்ஜ்னா வேகம்னு யாரும் அந்த தம்பிய ஏத்தி விடாதீங்க. டெலிகிராம் பாட்டுக்கு எட்ஜ் ஒண்ணும் பண்ணாது.

---

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதினது:

அண்ணன் சொல்றதுல முக்கியமான பாயிண்ட் ஒண்ணு இருக்கு, அதக் கொஞ்சம் பிரிச்சு சொல்றேன்.

எட்ஜ் நெட்வொர்க்ல ஸ்கிரிப்ட் ஓடுறது யாரு கூப்பிடுறாங்களோ அவங்களுக்குப் பக்கத்துல. இப்ப உங்க அம்மா டெலிகிராம்ல நம்பர தட்டினா அது மொதல்ல டெலிகிராம் சர்வருக்குப் போகுது, அந்த சர்வர்தான் வெப்ஹுக் (மெசேஜ் வந்ததும் உங்க முகவரிய தட்டுற ஏற்பாடு) வழியா உங்க ஒர்க்கர கூப்பிடுது. அப்ப ஒர்க்கர் ஓடுறது டெலிகிராம் சர்வருக்குப் பக்கத்துல இருக்குற ஊர்ல, செங்காங்குக்குப் பக்கத்துல இல்ல. அங்கேர்ந்து சிங்கப்பூர் எல்டிஏக்கு ஒரு கூப்பாடு, திரும்ப டெலிகிராமுக்கு ஒரு பதில். நீங்களே பாக்கலாம், வர்ற ரிக்வெஸ்ட்ல சிஎஃப்னு ஒரு ஆப்ஜெக்ட் இருக்கும், அதுக்குள்ள கோலோன்னு ஒரு மூணெழுத்து ஏர்போர்ட் கோட். அத லாக்ல எழுதி டெயில்ல பாருங்க. ப்ரவுசர்ல தட்டினா பெரும்பாலும் நம்ம சாங்கி கோட் எஸ்ஐஎன் வரும், டெலிகிராம்லேர்ந்து தட்டினா ஏதோ யூரோப் ஊர் வந்தா ஆச்சரியப்படாதீங்க.

இதுக்கு ஸ்மார்ட் ப்ளேஸ்மென்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, ஒர்க்கர் எங்க அதிகமா பேசுதோ அந்தப் பக்கமா ஓட்டத்த நகத்தும். ஆனா அது பல இடத்துலேர்ந்து நெறைய ட்ராஃபிக் வந்தாதான் அளந்து முடிவெடுக்கும், குடும்ப குரூப் பாட்டுக்கெல்லாம் அது அசையாது. கிரான் ஓட்டமோ இன்னும் வேற, அது எந்த மெஷின் சும்மா கெடக்குதோ அங்க ஓடும், இடம் நம்ம கையில இல்ல.

இவ்வளவும் சேத்து கூடுதலா ஆகுறது ஒரு செகண்ட் கூட வராது. பஸ் நாலு நிமிஷத்துல வரும்போது அத யாரு கவனிக்கப் போறா. அதனால அண்ணன் சொன்ன மாதிரி வேகத்துக்காக இத எடுக்காதீங்க. பூட் ஆகுற சர்வர் இல்ல, அப்டேட் பண்ண வேண்டிய ஓஎஸ் இல்ல, கன்டெய்னர் எழுந்திருக்குற வரைக்கும் காத்திருக்க வேணாம், வி8 ஐசோலேட்டுங்கிற இலேசான தனி அறையில ஓடுறதால தட்டினதும் ஓடும். அந்த சௌகரியத்துக்காக எடுங்க.

ஆனா அதே ஐசோலேட்டுக்கு ஒரு குணம் இருக்கு. அம்மாவோட வழக்கமான ஸ்டாப் நம்பர மேல ஒரு குளோபல் வேரியபிள்ல வெச்சுட்டு அடுத்த மெசேஜ்ல இருக்கும்னு நம்பாதீங்க, அடுத்த ரிக்வெஸ்ட் வேற ஐசோலேட்டுக்கு, வேற ஊருக்கே கூட போகலாம். லோக்கல்ல ஒரே ப்ராசஸ்ங்கறதால இருக்குற மாதிரியே ஏமாத்தும். அதுக்கு கிளவுட்ஃப்ளேர்லயே கேவின்னு ஒரு டேட்டா சேமிப்பு இருக்கு, இலவசத்துல ஒரு நாளைக்கு 1000 தடவ எழுதலாம், உங்களுக்கு ஏராளம். மாத்தினது மத்த ஊர்ல தெரிய 60 செகண்டோ அதுக்கு மேலயோ ஆகலாம்ங்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

---

பெங்களூர்_டு_பொங்கோல் எழுதினது:

யாரும் பை லாகின் கேள்விக்கு பதிலே சொல்லலையே. நான் சொல்றேன்.

ராங்ளர் லாகின் பண்றப்ப அது ஓடுற மெஷின்லயே 8976 போர்ட்ல ஒரு குட்டி சர்வர திறந்து வெச்சுட்டு காத்திருக்கும். நீங்க லேப்டாப்ல அலவ் குடுத்தா ப்ரவுசர் லேப்டாப்போட லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் போகுது, காத்திருக்குறதோ பைல. அதான் சேரல. எஸ்எஸ்எச்ல 8976 போர்ட்ட ஃபார்வர்ட் பண்ணி உள்ள போனீங்கன்னா வேலை செய்யும், ஆனா நான் இருந்தா லாகினையே விட்டுடுவேன். டாஷ்போர்டுல ப்ரொஃபைல்ல ஏபிஐ டோக்கன்ஸ் போயி எடிட் கிளவுட்ஃப்ளேர் ஒர்க்கர்ஸ்ங்கிற டெம்ப்ளேட்ல ஒரு டோக்கன் எடுங்க, அத பைல கிளவுட்ஃப்ளேர் ஏபிஐ டோக்கன்ங்கிற பேர்ல என்விரான்மென்ட் வேரியபிளா வைங்க, பேர் முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்து, நடுநடுவுல அண்டர்ஸ்கோர். ராங்ளர் அத பாத்துட்டு லாகினே கேக்காது. குளோபல் கீய மட்டும் அங்க வெச்சுடாதீங்க, அது வீட்டுச் சாவிக் கொத்த முழுசா குடுக்குற மாதிரி.

பைல ஓஎஸ் 64 பிட்டான்னும் பாத்துக்குங்க. ராங்ளர் டெவ்வுக்கு அடியில ஓடுற ஒர்க்கர்டிக்கு 32 பிட் ஆர்ம் பில்டு கிடையாது. பழைய எஸ்டி கார்டுல 32 பிட் இருந்தா லோக்கல் ஓட்டத்துக்கு வழியே இல்ல.

இன்னொண்ணு, நெட்ல பழைய ட்யூட்டோரியல் பாத்து ராங்ளர் பப்ளிஷ்னு அடிக்காதீங்க, அது மூணாவது வெர்ஷன்லயே டிப்ளாய்னு மாறிடுச்சு.

---

செங்காங்பையன் எழுதினது:

அக்கா, கிரான் ஞாயிறு டு வியாழன் மாத்திட்டேன், இன்னிக்கு காலை டாண்ணு வந்துச்சு. அம்மா குரூப்ல ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டாங்க, அவங்க அகராதியில அது பெரிய பாராட்டு. கோலோவும் பாத்தேன், ப்ரவுசர்ல எஸ்ஐஎன், டெலிகிராம்ல ஏஎம்எஸ். செங்காங் பஸ் ஆம்ஸ்டர்டாம் போயிட்டு வருது.

@பெங்களூர்_டு_பொங்கோல் டோக்கன் வழி சூப்பர், பைல உடனே வேலை செஞ்சுது, ஓஎஸ் 64 தான்.

கடைசியா ஒண்ணு. ஒரு சின்ன மாத்தம் பண்ணி டிப்ளாய் பண்ணதுல கோடு எங்கயோ உடைஞ்சு 500 எரர் குடுத்துச்சு, சரி பண்ணதும் நடுவுல அம்மா அனுப்பின மெசேஜ் எல்லாத்துக்கும் மொத்தமா பதில் வந்து குவிஞ்சுது, சிலதுக்கு ரெண்டு தடவ. இது எதனால? உடைஞ்சா சட்டுனு பழசுக்கு திரும்ப வழி இருக்கா?

---

தேக்கா_டீ எழுதினது:

வெப்ஹுக்குக்கு 200 வகை (எல்லாம் சரிங்கிற) பதில் வரலன்னா டெலிகிராம் அந்த மெசேஜ் போகலன்னு எடுத்துக்கிட்டு திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கும். உங்க கோடு பதில அனுப்பிட்டு அதுக்கு அப்புறமா உடைஞ்சா, டெலிகிராம் மறுபடி அனுப்பும், அம்மாவுக்கு ரெண்டாவது பதிலும் போகும். முழு ஹேண்ட்லரையும் ட்ரை கேட்ச்ல சுத்தி, உள்ள என்ன ஆனாலும் லாக்ல எழுதிட்டு டெலிகிராமுக்கு 200 குடுத்துடுங்க. தேங்கிக் கிடக்குறத தூக்கி எறியணும்னா செட் வெப்ஹுக்க மறுபடி கூப்பிடுறப்ப ட்ராப் பெண்டிங் அப்டேட்ஸ் ட்ரூன்னு சேத்து அனுப்புங்க. கெட் வெப்ஹுக் இன்ஃபோ கூப்பிட்டா எத்தன தேங்கியிருக்கு, கடைசியா என்ன எரர் வந்துச்சுன்னு டெலிகிராமே சொல்லும், டெயிலுக்கு அடுத்து எனக்குப் புடிச்சது அதான்.

அப்படியே செட் வெப்ஹுக்ல சீக்ரெட் டோக்கன்னு ஒண்ணையும் குடுத்துடுங்க. டெலிகிராம் ஒவ்வொரு கூப்பாட்டுலயும் அத ஒரு ஹெட்டர்ல வெச்சு அனுப்பும், ஒத்துப் போகலன்னா 403 (அனுமதி இல்ல) குடுத்து வெரட்டிடலாம். இல்லன்னா உங்க ஒர்க்கர்ஸ் டாட் டெவ் முகவரி தெரிஞ்ச எவனும் டெலிகிராம் மாதிரி வேஷம் போட்டு குடும்ப குரூப்ல மெசேஜ் போட வைக்கலாம்.

திரும்புறதுக்கு ராங்ளர் ரோல்பேக். ஒரு வெர்ஷன் பின்னாடி போயிடும், செகண்ட் கணக்குதான். ஆனா கேவியில எழுதினது திரும்பாது, கோடு மட்டும்தான் பழசாகும், டேட்டா புதுசாவே நிக்கும். அதனால கேவியில சாவி பேர மாத்துற மாதிரி டிப்ளாய் பண்ணா கொஞ்சம் பாத்து.

---

பழைய_சிஸ்அட்மின் எழுதினது:

தம்பி அந்த எல்டிஏ பதில்ல லோடுன்னு வருமே, எஸ்ஈஏன்னா உக்காரலாம், எஸ்டிஏன்னா நிக்கலாம், எல்எஸ்டின்னா நெருக்கியடிச்சு நிக்கணும். மூணாவது வந்தா அடுத்த பஸ்ஸோட நேரத்தையும் சேத்து சொல்ற மாதிரி எழுது, கேன்டீன்ல நாள் பூரா நிக்கிறவங்க பஸ்லயும் நிக்க வேணாம். எழுதி முடிச்சதும் கோட இங்க போடு, எங்க வீட்டம்மாவுக்கும் ஒண்ணு போட்டுக்கறேன். என் பைலதான் ஓட்டுவேன்.